பல்லு விழுற கனவும் பரீட்சைக் கனவும்

நம்ம ஊர்ல யாராவது "எனக்கு அடிக்கடி ஒரே கனவு வருதுங்க"ன்னு ஆரம்பிச்சா, எதிர்ல இருக்கிறவர் அதை முழுசா சொல்லி முடிக்க விடமாட்டார். பாம்பா? துரத்துச்சா, கடிச்சுதா? கடிச்சிருந்தா நல்லதுங்க, பிடிச்ச பீடை விட்டுச்சு. பல்லு விழுந்துச்சா? அய்யய்யோ, வீட்ல பெரியவங்க எல்லாரும் சௌக்கியமா? கல்யாணக் கனவுன்னா சாவு. சாவுக் கனவுன்னா ஆயுசு கெட்டி. கனவு கண்டவர் ரெண்டாவது வாக்கியத்துக்கு வாயைத் திறக்கறதுக்குள்ள தீர்ப்பு வந்துடும். முன்னாடி பஞ்சாங்கத்துல ஒரு பக்கமா இருந்த பட்டியல் இப்போ யூடியூப்ல பின்னணி இசையோட வருது. அவ்ளோதான் வித்தியாசம்.

மூடநம்பிக்கை ஒழிகன்னு கொடி பிடிக்க நான் வரல. அதுக்கு வேற ஆளுங்க இருக்காங்க. என் வருத்தம் ரொம்பச் சின்னது. திரும்பத் திரும்ப வர்ற ஒரு கனவுக்குப் பலன் சொல்ல ஆயிரம் பேர் இருக்கோம். அதை உக்காந்து கடைசி வரைக்கும் கேக்க ஒருத்தரும் இல்ல. போதாக்குறைக்கு "கெட்ட கனவை வெளிய சொல்லாதே"ன்னு ஒரு கட்டளை வேற. எழுந்து தண்ணி குடி, சாமி பேரைச் சொல்லு, தலைகாணியைத் திருப்பிப் போட்டுப் படு. கதம் கதம்.

அந்தப் பல்லு விழுற கனவையே எடுத்துக்கோங்க. உலகம் பூரா மனுஷங்களுக்கு வர்ற கனவு அது. 2018ல இஸ்ரேல்ல ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 210 பேர்கிட்ட கேட்டுப் பார்த்தாங்க. மனக்கவலைக்கும் இந்தக் கனவுக்கும் பெருசா சம்பந்தம் தெரியல. காலைல எழுந்திரிக்கும்போது பல்லுலயோ ஈறுலயோ ஒரு இறுக்கம், வலி இருக்கறவங்களுக்குத்தான் இது அதிகமா வந்திருக்கு. அதாவது ராத்திரி பல்லை நறநறன்னு கடிக்கிற கேஸா இருக்கலாம். பெரியப்பாவுக்கு என்ன ஆகுமோன்னு பயந்து கிடக்கறதுக்குப் பதிலா பல் டாக்டரைப் பார்த்திருக்கலாம்! ஆனா "காலைல எழுந்தா தாடை வலிக்குதா?"ன்னு நம்மள்ல யார் கேட்டோம்?

பழசு எல்லாம் தப்புன்னும் சொல்ல முடியாது. பொன்னவன் எழுதின கனா நூல்னு ஒரு பழைய நூல் தமிழ்ல இருக்கு. முதல் சாமத்துல கண்ட கனவு பலிக்க ஒரு வருஷம், ரெண்டாம் சாமத்துக்கு 8 மாசம், மூணாம் சாமத்துக்கு 3 மாசம், கடைசிச் சாமத்துக்கு 10 நாள்னு அதுல கணக்கு இருக்கு. விடியக்காலைக் கனவு பலிக்கும்னு நம்ம பாட்டிகள் சொல்றது இந்த வழிதான். பலிக்கிறது கிடக்கட்டும். விடியக்காலைக் கனவுக்கு ஏன் இவ்வளவு மரியாதைன்னு யோசிச்சா ஒரு விஷயம் புரியுது. 1953ல சிகாகோ பல்கலைக்கழகத்துல அசெரின்ஸ்கி, கிளைட்மன்னு ரெண்டு பேர், தூக்கத்துல கண்ணு வேகமா அசையற ஒரு கட்டம் இருக்குன்னு எழுதினாங்க. ஆர்.ஈ.எம். தூக்கம்னு சொல்றாங்களே, அது. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை வரும். ராத்திரி ஆரம்பத்துல சில நிமிஷம், விடிய விடிய நீளமாகிட்டே போகும். நல்ல தெளிவான, கதை மாதிரி கனவுகள் பெரும்பாலும் இதுலதான். அதனால விடியக்காலைக் கனவுதான் நீளமா இருக்கும், அதுல இருந்துதான் நேரா முழிப்போம், அதுதான் ஞாபகம் நிக்கும். கவனிச்சவங்க சரியாத்தான் கவனிச்சிருக்காங்க. காரணம்தான் வேற.

சரி, என் கனவுக்கு வரேன்.

எனக்குப் பரீட்சைக் கனவு. ஸ்கூலை விட்டு வந்து 31 வருஷம் ஆச்சு, இன்னும் நிக்கல. கணக்குப் பரீட்சை. எல்லாரும் குனிஞ்சு எழுதிக்கிட்டு இருக்காங்க. நான் வராண்டாவுல ஓடுறேன். என் ஹால் எதுன்னு தெரியல. கண்டுபிடிச்சு உள்ள போனா ஹால் டிக்கெட் இல்ல. இருந்தா பேனா எழுதாது. "இன்னும் அஞ்சு நிமிஷம்தான்"னு சார் சொல்லுவார். டக்குன்னு முழிப்பு வரும். முழிச்சு ஒரு நிமிஷத்துக்கு, நான் வேலைக்குப் போறவன், பிள்ளை பெத்தவன்னு எனக்கே நம்பிக்கை வராது. நிஜத்துல கணக்குல 87 மார்க் வாங்கினேன் என்பதை இங்கே தன்னடக்கத்துடன் தெரிவித்துக் கொள்கிறேன். :-)

இந்த 87 மேட்டர் முக்கியம். ஏன்னா ஃப்ராய்டு இதைப் பத்தி எழுதியிருக்கார். 1899 கடைசியில வெளிவந்து, 1900ன்னு வருஷம் போட்ட அவரோட கனவுப் புத்தகத்தின் பின்னாடி வந்த பதிப்புல இது இருக்கு. இந்தப் பரீட்சைக் கனவு, பாஸானவங்களுக்குத்தான் வருதுன்னு அவரோட சகா ஒருத்தர் சொன்னாராம். ஃப்ராய்டும் தன்னை வெச்சே சோதிச்சுப் பார்க்கிறார். அவர் தடயவியல் மருத்துவப் பரீட்சையில ஃபெயிலாகியிருக்கார். அது ஒரு நாளும் கனவுல வந்ததில்ல. பாஸான தாவரவியலும் விலங்கியலும் வேதியியலும்தான் வந்து படுத்துச்சாம். மறுநாள் ஏதோ பொறுப்பான காரியம் காத்திருக்கும்போது இந்தக் கனவு வருது, "அன்னைக்கும் இப்படித்தானே பயந்தே, பாஸாகலையா?"ன்னு உள்ளுக்குள்ள ஒரு ஆறுதல்ங்கறது அவர் கட்சி.

ஆறுதலான்னு எனக்குத் தெரியல. நெஞ்சு படபடக்க எழுப்பிவிட்டுச் சொல்ற ஆறுதல் என்ன ஆறுதல்! ஆனா 2014ல பாரிஸ்ல வந்த ஒரு ஆய்வு யோசிக்க வெச்சது. மருத்துவப் படிப்புக்கான போட்டித் தேர்வு எழுதின 719 மாணவர்கள்கிட்ட கேட்டிருக்காங்க. முந்தின ராத்திரி பரீட்சையைக் கனவு கண்டவங்க சுமார் 60 சதவீதம். அதுல முக்கால்வாசிக்கு மேல கெட்ட கனவு. லேட்டாப் போறது, விடை மறந்து போறது, எல்லாம் நம்ம சரக்குதான். ஆனா அந்தப் பருவத்துல பரீட்சையை அதிகமாக் கனவு கண்டவங்களுக்குத்தான் மார்க் கூட வந்திருக்கு. கனவு கண்டா மார்க் வரும்னு இதுக்கு அர்த்தம் இல்ல (பிள்ளைங்களைத் தூங்கு தூங்குன்னு அனுப்பிடாதீங்க). அக்கறை இருக்கிறவனுக்குக் கனவும் வருது, மார்க்கும் வருதுன்னும் இருக்கலாம். எப்படியோ, பரீட்சைக் கனவு அபசகுனம் இல்லைன்னு மட்டும் தைரியமா சொல்லலாம்.

ஃப்ராய்டு பேரைச் சொன்னதும் ஒண்ணு சொல்லிடறேன். மாடிப்படின்னா இது, பெட்டின்னா அதுன்னு அவர் பேர்ல ஒரு பட்டியல் சுத்துது. பஞ்சாங்கத்துக்குக் கோட்டு சூட்டு மாட்டிவிட்ட மாதிரி. ஆனா அவர் முதல்ல சொன்னதே இதுக்கு நேர் எதிர். கனவைத் துண்டு துண்டாப் பிரிச்சு, ஒவ்வொரு துண்டுக்கும் உனக்கு என்ன ஞாபகம் வருதுன்னு கண்டவனையே கேக்கணும்னார். அந்தக் குறியீட்டுப் பட்டியல் எல்லாம் பின்னாடி வந்த பதிப்புகள்ல வீங்கினது. அவருக்கு ஆயிரத்தெழுநூறு வருஷம் முன்னாடி அர்ட்டெமிடோரஸ்னு ஒரு கிரேக்கர், கனவுப் பலன்னு அஞ்சு புத்தகம் எழுதினவர், அவரே கண்டவன் என்ன தொழில், பணக்காரனா ஏழையான்னு விசாரிக்கச் சொன்னவர். நம்ம யூடியூப் ஆசாமி அதைக்கூடக் கேக்கறதில்ல.

நான் பண்ணினது எளிமையானது. 40 பக்க நோட்டு ஒண்ணு வாங்கித் தலைமாட்டுல வெச்சேன். கனவு வந்த அன்னைக்கு எழுந்ததும், ஃபோனைத் தொடறதுக்கு முன்னாடி, நாலு விஷயம் எழுதறது. என்ன கண்டேன். முழிச்சப்போ இருந்த உணர்ச்சி, ஒரே வார்த்தையில. முந்தின நாள் என்ன நடந்தது. மறுநாள் என்ன இருக்கு. அர்த்தம் தேடவே கூடாதுன்னு எனக்கு நானே தடை போட்டுக்கிட்டேன்.

அஞ்சு மாசத்துல அந்தக் கனவு 9 தடவை வந்திருந்தது. எடுத்து வெச்சுப் பார்த்தா, மூணு தடவை ஆபீஸ்ல ஆடிட் வர்றதுக்கு முந்தின ராத்திரி. ரெண்டு தடவை பொண்ணு ஸ்கூல்ல பெற்றோர் மீட்டிங். ஒரு தடவை வீட்டு ஓனர் வந்து வீட்டைப் பார்க்கறேன்னு சொன்ன நாள். ஒரு தடவை மாமனார் வந்து தங்கின நாள் (இதை என் வீட்டம்மா படிக்க மாட்டாங்கன்னு நம்பறேன்). மீதி ரெண்டுக்குக் காரணமே பிடிபடல, புரோட்டாவா இருக்கலாம்.

கவனிச்சீங்களா? கஷ்டமான வேலைக்கு முன்னாடி அது வரல. அந்த அஞ்சு மாசத்துலயே அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தது, வீட்டுக் கடன் அலைச்சல் இருந்தது, அப்போ எல்லாம் கனவு எட்டிக்கூடப் பார்க்கல. நான் பார்த்துக்கிற ஒண்ணை இன்னொருத்தர் வந்து சரிபார்க்கப் போறார்னா மட்டும் ஆஜர். நோட்டுல உணர்ச்சிக்கு நேரா 'பயம்'னு எழுதியிருப்பேன்னு நினைச்சேன். ஏழு இடத்துல 'கூச்சம்'னு இருந்தது. என்னைப் பத்தி எனக்கே அது புது சமாசாரம். எந்தப் பட்டியல்லயும் 'ஹால் டிக்கெட் தொலைந்தால் மாமனார் வருவார்'னு போட்டிருக்காது.

வேற வழிகளும் இருக்கு. ஃப்ரிட்ஸ் பெர்ல்ஸ்னு ஒரு மனோதத்துவ ஆசாமி, கனவுல வர்ற ஒவ்வொண்ணாவும் நீயே மாறிப் பேசுன்னு சொன்னார். ஒரு ஞாயித்துக்கிழமை ஹால் டிக்கெட்டா மாறிப் பேசிப் பார்த்தேன். வீட்ல பார்த்த பார்வையோட அந்தச் சிகிச்சை முடிஞ்சது. அதைவிட நியூயார்க் மனநல மருத்துவர் மாண்டேக் உல்மன் சொன்ன முறை எனக்குப் பிடிச்சிருக்கு. நாலு பேர் உக்காந்து ஒருத்தர் கனவைக் கேக்கணும். கேட்டவங்க, "உன் கனவுக்கு அர்த்தம் இதுதான்"னு சொல்லவே கூடாது. "இது என் கனவா இருந்தா, எனக்கு இப்படித் தோணும்"னுதான் ஆரம்பிக்கணும். எடுத்துக்கறதும் விடறதும் கண்டவர் இஷ்டம். பலன் சொல்ற வாயைக் கட்டிப்போட இதைவிட நாசூக்கான வழி கிடையாது. டீக்கடையில நண்பர்களோட முயற்சி பண்ணலாம். ஒருத்தன் கண்டிப்பா கிண்டல் பண்ணுவான், பரவாயில்ல.

இன்னொண்ணையும் சொல்லணும். மலேசியக் காடுகள்ல வாழற செனாய் மக்கள் தினமும் காலைல குடும்பமா உக்காந்து கனவு பேசுவாங்க, அதனாலேயே அவங்களுக்குள்ள சண்டையே கிடையாதுன்னு ஒரு அழகான கதை பல புத்தகங்கள்ல வரும். கில்ட்டன் ஸ்டீவர்ட்னு ஒருத்தர் பரப்பினது. டொம்ஹாஃப்ங்கற ஆராய்ச்சியாளர் 1985ல புத்தகம் எழுதி, அங்க அப்படி ஒரு பழக்கம் இருந்ததா ஆதாரமே இல்லைன்னு காட்டிட்டார். கதை எனக்கும் பிடிச்சதுதான், என்ன செய்ய.

இவ்வளவு நேரம் நான் சொன்னது லேசான கனவு. கனமானது ஒண்ணு இருக்கு. எங்க பெரியம்மாவோடது. கோவில்பட்டிப் பக்கம் கிராமம்.

பெரியப்பா இறந்து ரெண்டு மாசத்துல ஆரம்பிச்சது. வாசப்படியில நிப்பாராம். ஒண்ணும் பேச மாட்டாராம். உள்ள வாங்கன்னாலும் வர மாட்டாராம். வாரத்துக்கு ரெண்டு மூணு ராத்திரி. ஆத்மா சாந்தியாகலன்னு ஜோசியர் சொன்னார். ராமேஸ்வரம் போய் தில ஹோமம் பண்ணினாங்க. அதுக்கப்புறம் ஒரு மாசம் கனவு இல்ல, மறுபடியும் வந்துடுச்சு. வேற ஒருத்தர் வாசக்கால் திசை சரியில்லைன்னார். வாசலையே இடிச்சு மாத்தினாங்க. மாத்தின வாசல்லயும் பெரியப்பா வந்து நின்னார். பெரியம்மா ராத்திரி தூங்கப் பயந்து திண்ணையில உக்காந்தே கிடக்க ஆரம்பிச்சாங்க. ரெண்டு வருஷம் இப்படி. செலவானது கிடக்கட்டும், எழுபது வயசு உடம்பு என்னத்துக்கு ஆகும்?

நர்ஸிங் படிக்கிற பேத்தி லீவுக்கு வந்தா. அவதான் முதல் தடவையா கேட்டா.

"ஆச்சி, தாத்தா கையில ஏதாவது வச்சிருக்காகளா?"

"இல்லட்டீ. என் கையிலதான் சொம்பு இருக்கு."

"சொம்பு எதுக்கு?"

அப்போதான் வந்தது. ஆஸ்பத்திரியில கடைசி ரெண்டு நாள் வாய் வழியா எதுவும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. பெரியப்பா தண்ணி தண்ணின்னு கேட்டிருக்கார். பெரியம்மா குடுக்கல. "கடைசி வரைக்கும் கேட்டாகட்டீ. நான் பாத்துக்கிட்டே நின்னேன்." ரெண்டு வருஷமா, ஹோமத்துலயும் வாசல் இடிச்சப்பவும், இதை யாரும் கேக்கல, அவங்களும் சொல்லல. கெட்ட கனவை விவரமா வெளிய சொல்லக் கூடாதுல்ல!

பேத்தி ரெண்டு காரியம் பண்ணினா. விழுங்க முடியாத நிலைமையில தண்ணி குடுத்தா அது மூச்சுக்குழாய்க்குப் போய் உயிருக்கே ஆபத்தாகும்னு உக்காத்தி வெச்சு விளக்கினா. ஆஸ்பத்திரியில யாரும் இதைச் சொல்லலையாம், குடுக்காதீங்கன்னு மட்டும் சொல்லியிருக்காங்க. அடுத்தது, "ஆச்சி, பகல்ல கண்ணை மூடிட்டு, நீ எந்திரிச்சுப் போயி அந்தச் சொம்பைத் தாத்தாகிட்ட குடுக்க மாதிரி நெனைச்சுப் பாரு. தெனமும்."

அவ ஏதோ தோணினதைத்தான் சொன்னா. ஆனா இது உண்மையாவே ஒரு சிகிச்சை. கெட்ட கனவை எடுத்து, அதை உங்க இஷ்டத்துக்கு மாத்தி எழுதி, மாத்தின கனவைப் பகல்ல முழிச்சிருக்கும்போது தினமும் கொஞ்ச நேரம் மனசுல ஓட்டிப் பார்க்கிறது. பாரி க்ராக்கோவ்னு ஒரு அமெரிக்க மருத்துவரும் அவர் குழுவும் பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கொடுங்கனவுகளோட தவிச்ச 168 பெண்கள்கிட்ட இதைச் சோதிச்சு 2001ல வெளியிட்டாங்க. இந்தப் பயிற்சி செஞ்சவங்களுக்குக் கொடுங்கனவு நல்லாவே குறைஞ்சது. அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பு 2018ல இதைப் பரிந்துரைப் பட்டியல்ல வெச்சிருக்கு. இதுல கவனிக்க வேண்டியது, கனவுக்கு என்ன அர்த்தம்னு கண்டுபிடிச்சாகணும்கிற கட்டாயமே இல்ல. (பெரிய அதிர்ச்சியைச் சந்திச்சவங்க தனியா இதைச் செய்ய வேண்டாம், கூட ஒரு மனநல மருத்துவர் இருக்கணும். 14416க்கு ஃபோன் பண்ணினா, அரசோட டெலி மானஸ், இலவசமா தமிழ்லயே பேசுவாங்க.)

பெரியம்மாவுக்கு மறுநாளே நின்னுடலைங்க. கொஞ்சம் கொஞ்சமா இடைவெளி விட்டது. இப்பவும் திதி வர்ற மாசம் பெரியப்பா வாசலுக்கு வருவார். "வந்தாக, குடிச்சாக, போயிட்டாக"ன்னு சாதாரணமா சொல்றாங்க. திண்ணையில உக்காந்து விடிய வைக்கறது நின்னுடுச்சு. ஹோமம் பண்ணினதைப் பத்தி அவங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல, எனக்கும் குறை சொல்லத் தோணல. கடலைப் பார்த்துட்டு வந்த ஒரு மாசம் நிம்மதியாத் தூங்கினாங்களே.

யோசிச்சா, இது நம்மகிட்ட ரொம்பப் பழைய வியாதி. சிலப்பதிகாரத்துல கண்ணகி தன் கெட்ட கனவைத் தோழி தேவந்திகிட்ட சொல்றா. கோவலன் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறான், ஒரு ஊர்ல வீண்பழி வருது, அவனுக்குத் தீங்கு நேருது, ராஜா முன்னாடி இவ போய் நிக்கறா. இவ்வளவு பெரிய கனவைக் கேட்ட தேவந்தி உடனே என்ன சொல்றா? இன்ன குளத்துல குளி, காமன் கோயில்ல கும்பிடு, புருஷன் வந்து சேருவான். பரிகாரம்! கண்ணகி, அது நமக்குப் பெருமை இல்லைன்னு மறுத்துடறா. தேவந்தி நல்ல மனசோடதான் சொன்னா. ஆனா "உனக்கு என்ன பயம்?"னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்னு ஒவ்வொரு தடவையும் எனக்குத் தோணும்.

கடைசியா ஒரு எச்சரிக்கை. எல்லாத்தையும் மனசுன்னே நினைச்சுடாதீங்க. சில ரத்த அழுத்த மாத்திரைகள், முக்கியமா ப்ரொப்ரனலால், கெட்ட கனவு கொண்டு வரும். மாத்திரை மாறின தேதியையும் நோட்டுல எழுதுங்க, நீங்களா நிறுத்தாம டாக்டரைக் கேளுங்க. இன்னொண்ணு இதைவிட முக்கியம். கனவு காணும்போது நம்ம உடம்பு கிட்டத்தட்ட கட்டிப்போட்ட மாதிரி அசையாம இருக்கணும். வயசானவங்க, அதுலயும் ஐம்பதைத் தாண்டின ஆண்கள், கனவுல யாரோ தாக்க வர்றாங்கன்னு தூக்கத்துலயே குத்துறது, உதைக்கிறது, கட்டில்ல இருந்து விழறதுன்னு இருந்தா அதைப் பேய் பிடிச்சதுன்னு நினைச்சு மந்திரிக்கக் கூட்டிட்டுப் போகாதீங்க. 1986லேயே மினசோட்டாவுல ஷெங்க், மஹவால்ட்னு ரெண்டு மருத்துவர்கள் இதை ஒரு தனி வியாதியா விவரிச்சுட்டாங்க. இது வர்றவங்கள்ல நிறைய பேருக்குப் பல வருஷம் கழிச்சு பார்க்கின்சன் மாதிரி நரம்பு வியாதி வர்றதுண்டு. முன்கூட்டியே வர்ற தகவல், வீணாக்கக் கூடாது.

பக்கத்துத் தெரு நண்பர் ஒருத்தரோட அப்பாவுக்கு ஒரு வருஷமா இப்படி. கனவுல நாய் துரத்துதாம், இவர் உதைப்பாராம், அடி வாங்கறது அந்த அம்மா. பைரவர் கோயிலுக்கு எட்டு வாரம் போயிருக்காங்க. போன வாரம் பேச்சுவாக்குல சொன்னார். இப்போதைக்கு அம்மாவுக்குத் தனிக் கட்டில், அப்பா படுக்கற இடத்துல இருந்து கண்ணாடி மேஜையை நகர்த்தியாச்சு, நியூராலஜிஸ்ட்கிட்ட வர்ற வியாழக்கிழமைக்கு டோக்கன் வாங்கியிருக்காங்க. பைரவர் கோயிலுக்கும் போகட்டும்னு சொல்லியிருக்கேன்.